கேட்காமலே ஏற்றுங்கள்

விமான நிறுவனங்களின் மைல் திட்டங்களை நடத்துகிறவர்களே,

விமானம் ரத்தாகிறது. எங்களை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறீர்கள். எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். சில நாள் கழித்து மைல் கணக்கைத் திறந்து பார்த்தால், அந்தப் பயணத்துக்கென்று ஒன்றுமே ஏறியிருக்காது. டிக்கெட் உங்களுடையது. காசு வாங்கியது நீங்கள். விமானத்தை ரத்து செய்ததும் நீங்கள். இழப்பு மட்டும் எங்கள் பக்கம். இதை உங்களிடம் நேராகக் கேட்காமல் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

கவுன்ட்டரில் நிற்கிற உங்கள் ஊழியர்களுக்கு நான் இதை எழுதவில்லை. நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கைக்குழந்தைகளும் வீல்சேர்களுமாக நீண்டு கிடக்கிற வரிசைக்கு முன்னால், ஒவ்வொரு டிக்கெட்டாக மாற்றிக் கொடுக்கிறவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் "என் மைல் என்னாகும்?" என்று அவர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டாலும் அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விதியை எழுதுகிறவர்கள் நீங்கள். எந்தப் பயணத்துக்கு மைல் உண்டு, எதற்கு இல்லை என்று கணினிக்குச் சொல்லி வைக்கிறவர்களும் நீங்கள். அதனால் உங்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

என் அக்கா மகளுக்கு டொராண்டோவில் பிரசவ நேரம். அக்காவுக்குத் துணையாக நானும் புறப்பட்டேன். சென்னை விமான நிலையத்தில் செக்-இன் எல்லாம் முடிந்த பிறகு, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி நாங்கள் போக வேண்டிய விமானத்தை ரத்து செய்தார்கள். கோளாறான விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்தியது சரியான முடிவு; அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விடியற்காலையில் வளைகுடா வழியாகப் போகிற இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம், நாங்கள் டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விமானக் கூட்டணியில் இல்லை. அக்காவுக்கு அப்போது கூட்டணியாவது ஒன்றாவது, மகள் வலியெடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கொடுத்த போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு ஓடினோம்.

பிள்ளை பிறந்து, வீடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அக்கா மைல் கணக்கைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்வரும் பெற்றோருக்கு அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து டொராண்டோ போய்த் திரும்பினால் ஏறக்குறைய பதினேழாயிரம் மைல் தூரம். அதைச் சேர்த்து வைத்து அடுத்த முறை அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. போன வழிக்கு ஒன்றும் ஏறவில்லை.

விடுபட்ட மைல்களைக் கேட்டு வாங்கும் படிவத்தைத் திறந்தோம். முதல் கேள்வியே, எந்த நிறுவனத்தில் பறந்தீர்கள் என்பது. விரிகிற பட்டியலில் கூட்டாளி நிறுவனங்களின் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. நாங்கள் பறந்த நிறுவனம் அதில் இல்லை. ஒன்றைத் தொடாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. சரி என்று, முதலில் டிக்கெட் எடுத்த விமானத்தின் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். அந்த விமானத்தில் உங்கள் பெயரில் பயணம் எதுவும் இல்லை என்று வந்தது. ரத்தான விமானத்தில் யார்தான் பயணம் செய்திருக்க முடியும்? பிறகு மின்னஞ்சல். நீங்கள் பயணம் செய்த நிறுவனம் எங்கள் கூட்டாளி அல்ல, ஆகவே மைல் வழங்க இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில், அங்கே எங்களை அனுப்பிவைத்தது அவர்கள்தான் என்ற செய்தியே இல்லை. கோபம் வந்தது எனக்கு. அக்காவுக்கு வந்தது வருத்தம். "போகுது விடு, இதுக்குப் போய்" என்று சொல்லிவிட்டாள். அவளைப் போல "போகுது விடு" என்று சொல்லி விட்டுவிட்டவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவளுடைய பயணச்சீட்டின் நகலை எடுத்துப் பாருங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். எந்தப் பயணியுடையதானாலும் சரி. பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் அந்த டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, லுஃப்தான்சாவுக்கு 220, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 125. விமானம் ரத்தாகி வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது புதிய டிக்கெட் எண் வரும். ஆனால் வழக்கமாக அந்த முதல் மூன்று இலக்கம் மாறாது. பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, பயணிக்குப் பொறுப்பும் உங்களுடையதே என்பதற்கு அந்த மூன்று இலக்கமே சாட்சி. பறந்த நிறுவனத்துக்கு நீங்கள் உங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கிறீர்கள். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. எங்கள் ஒப்பந்தம் உங்களோடு. கடையில் வாங்கிய சாமானை, தன் வண்டி பழுதாகிவிட்டது என்று பக்கத்துக் கடை வண்டியில் ஏற்றி அனுப்புகிற முதலாளி, பில்லில் போட்ட தள்ளுபடியைத் திரும்பக் கேட்பாரா?

கூட்டணிக்குள்ளேயே மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்ட் 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தொடங்கியபோது, எங்கே பறந்தாலும் மைல் ஒரே கணக்கில் சேரும் என்பதுதானே நீங்கள் எங்களுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. மாற்று விமானத்தில் எங்களை எந்தக் கட்டண வகுப்பில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மைல் ஏறும். டிக்கெட்டில் ஒரே ஓர் ஆங்கில எழுத்தாக நிற்கும் வகுப்பு அது. அந்த நேரத்தில் எந்த எழுத்தில் இடம் இருக்கிறதோ அதில் போட்டு அனுப்புகிறார்கள். முழு மைல் தருகிற வகுப்புக்குக் காசு கொடுத்தவர், கால் பங்கு தருகிற வகுப்பிலோ ஒன்றுமே தராத வகுப்பிலோ போய் உட்காருகிறார். சில சமயம், மைல் கொடுத்து வாங்குகிற இலவச டிக்கெட்டுகளுக்கு ஒதுக்கிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்போது கணினி அவரை இலவசப் பயணி என்று நினைத்துக்கொள்கிறது. இருக்கை என்னவோ அதே எகானமி இருக்கைதான், கொடுத்த காசும் அதே காசுதான்.

கூட்டணிக்கு வெளியே போனால் கதை முடிந்தது. எமிரேட்ஸ், எத்திஹாட், இண்டிகோ போன்ற நிறுவனங்கள் இந்த மூன்று கூட்டணிகளிலும் இல்லை. நம் ஊர்களிலிருந்து புறப்படுகிறவர்களை அவசரத்துக்கு ஏற்றிக்கொள்ள அதிகம் இடம் வைத்திருப்பவர்களும் அவர்களே. ஆக, எங்களை நீங்கள் எங்கே மாற்றி அனுப்ப வாய்ப்பு அதிகமோ, அங்கேதான் மைல் போகவும் வாய்ப்பு அதிகம்.

மைல் என்பது நாங்கள் பிரியப்பட்டுக் கொடுப்பது, உரிமையாகக் கேட்கிற பொருள் அல்ல என்று உங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கிறீர்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், நிறுத்துவோம், இது உறுப்பினரின் சொத்து அல்ல என்றும் இருக்கிறது. நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் எங்களிடம் ஒன்றும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் வேறொன்றும் சொல்கிறீர்கள்.

2018 ஜனவரி முதல் உலகெங்கும் பல நாட்டு நிறுவனங்கள் பின்பற்றுகிற வருவாய்க் கணக்கு விதி ஐஎஃப்ஆர்எஸ் 15. இந்தியாவில் அதே ஆண்டு ஏப்ரல் முதல் அதற்கு இணையான இந்திய விதி 115 நடைமுறையில் இருக்கிறது. அந்த விதிப்படி, ஒரு டிக்கெட்டின் விலையை நீங்கள் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பயணத்துக்கு. இன்னொரு பங்கு அதோடு தருகிற மைலுக்கு. மைலுக்குரிய பங்கை உடனே வருமானமாகக் காட்டக் கூடாது. பயணி அந்த மைலைப் பயன்படுத்தும்வரை, அல்லது அது காலாவதியாகும்வரை, அவருக்கு நீங்கள் பட்ட கடனாகவே அது உங்கள் புத்தகத்தில் இருக்க வேண்டும். அதாவது, நாங்கள் கொடுத்த கட்டணத்துக்குள்ளேயே மைலின் விலையும் இருக்கிறது என்று உங்கள் தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை இனாம் என்று எப்படிச் சொல்வது? விமானத்தை மாற்றிவிட்டு மைலையும் ஏற்றாமல் விட்டால், நாங்கள் அதற்காகக் கொடுத்த பங்கு உங்களிடமே தங்கிவிடுகிறது. அதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது.

கொரோனா காலத்தில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது உங்களுக்குக் கைகொடுத்தது எது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2020இல் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அதே ஆண்டு டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தைக் காட்டி 900 கோடி டாலர் திரட்டியது. 2021இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981இல் தொடங்கிய தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தை முன்வைத்து 1,000 கோடி டாலர் கடன் பெற்றது. கடன் கொடுத்தவர்கள் எதை நம்பிக் கொடுத்தார்கள்? மைல் திட்ட அட்டையை வைத்திருப்பவர்கள் தொடர்ந்து வருவார்கள், சேர்ப்பார்கள், செலவழிப்பார்கள் என்பதை. அதாவது எங்களை நம்பி. கடன் கொடுப்பவர் முன்னால் பல நூறு கோடி பெறுமானமுள்ள சொத்தாக இருக்கிற ஒன்று, ஒரு மூத்த பெண்மணி தன் பயணத்துக்கு உரியதைக் கேட்கும்போது மதிப்பில்லாததாக ஆகிவிடக் கூடாது.

"கேட்டால் தருகிறோமே" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான். முதலில் டிக்கெட் எடுத்த வழித்தடத்துக்கும் வகுப்புக்கும் உரிய மைலைத் தருகிற வழக்கம் பல திட்டங்களில் இருக்கிறது. அடிக்கடி பறக்கிறவர்கள் அதை ஓஆர்சி என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேலை சுலபமாக முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த வழக்கம் இருப்பதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் யாருக்குக் கிடைக்கிறது பாருங்கள். வாரம் ஒருமுறை பறக்கிற அதிகாரிக்குக் கிடைக்கிறது. அவருக்காக மின்னஞ்சல் எழுத ஆள் இருக்கிறது. தங்க அட்டை வைத்திருப்பவருக்குக் கிடைக்கிறது. அவருக்குத் தனித் தொலைபேசி எண் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகனைப் பார்க்கப் போகிற திருச்சிக்காரருக்கு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் தளத்தில் எந்தப் பக்கத்திலும் அதை அவர் கண்ணில் படும்படி எழுதி வைக்கவில்லை. அவருக்கு வந்து சேர வேண்டியது அவர் கேட்காததால் வராமல் போகிறது.

கேட்கத் தெரிந்தவருக்கும் பாதை எளிதாக இல்லை. அசல் போர்டிங் பாஸ் வேண்டும் என்கிறீர்கள். இப்போது பலரிடம் போர்டிங் பாஸ் கைபேசியில்தான் இருக்கிறது, பயணம் முடிந்த சில நாளில் செயலியிலிருந்து அது மறைந்துவிடுகிறது. காகிதமாக வாங்கியவர்கள் இறங்கியதும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். சில திட்டங்களில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், சிலவற்றில் ஓராண்டு. அக்காவைப் போல ஆறு மாதம் தங்கிப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவர், ஊருக்குத் திரும்பிக் கணக்குப் பார்க்கும்போது காலக்கெடு தாண்டியிருக்கும்.

சட்டம் எங்களைக் காப்பாற்றும் என்றும் காத்திருக்க முடியவில்லை. இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் விதிகள் மாற்று விமானம், பணம் திரும்பத் தருவது, சாப்பாடு, ஹோட்டல், இழப்பீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றன. ஐரோப்பாவின் 261 எண் விதி, 2004இல் இயற்றப்பட்டது, ஒப்பிடத்தக்க வசதியோடு மாற்று வழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறது. கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் கட்டணத்தில் 30 முதல் 75 சதவீதம் வரை திருப்பித் தரச் சொல்கிறது. மைல் ஏறுவதைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை. ஆனாலும் ஐரோப்பிய விதியில் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. இலவசமாகப் பறக்கிறவர்களுக்கு அந்த விதி பொருந்தாது. மைல் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பொருந்தும் என்று அதில் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். மைலால் வாங்கியதும் காசால் வாங்கியதுதான் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களின் மைல் திட்டங்களைப் பற்றி விளக்கம் கேட்டு விசாரணை தொடங்கியது. அரசாங்கம் வந்து கதவைத் தட்டும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். நீங்களாகச் செய்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். பறந்த நிறுவனத்திலும் மைல் வாங்கிக்கொண்டு, டிக்கெட் எடுத்த நிறுவனத்திலும் அதே பயணத்துக்கு மைல் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திறமை என்று பேசிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல. ஒரு பயணத்துக்கு ஒரு முறை மைல், அவ்வளவுதான் நியாயம். அதைத் தடுக்க நீங்கள் செய்கிற சோதனையை யாரும் தவறாக நினைக்க மாட்டோம். ஆனால் சிலர் இரண்டு முறை வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில், ஒரு முறைகூட வாங்காதவர்களைத் தண்டிக்காதீர்கள்.

வெள்ளி, தங்கம் என்று அட்டையின் தரத்தை முடிவு செய்கிற படிநிலைப் புள்ளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செலவழிக்கிற மைல் போனால் ஒரு டிக்கெட் தள்ளிப்போகும். படிநிலைக்குக் கணக்காகிற புள்ளி போனால் ஓராண்டு முழுக்கப் பாதிக்கும். ஸ்டார் அலையன்ஸ் தங்க அட்டை இருந்தால் கூடுதலாக இருபது கிலோ, அல்லது கூடுதலாக ஒரு பெட்டி. அந்த இருபது கிலோவில் எங்கள் வீடுகளிலிருந்து என்னென்ன போகிறது என்று உங்கள் பேகேஜ் ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சாம்பார்ப் பொடி, வடகம், பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ மருந்துப் பொடி, குழந்தைக்கு வசம்பு. டிசம்பரில் ஒரே ஒரு பயணம் பாக்கி வைத்து அட்டையைப் புதுப்பிக்க நினைத்தவர், அந்த ஒரு பயணம் வேறு நிறுவனத்துக்கு மாறியதால் தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறங்குகிறார். அவர் வாக்குத் தவறவில்லை. உங்களிடம்தான் டிக்கெட் எடுத்தார், உங்கள் கவுன்ட்டரில்தான் வந்து நின்றார்.

இனி நான் கேட்பது. எங்களைக் கேட்க வைக்காதீர்கள். நிறுவனத்தின் காரணத்தால் டிக்கெட்டை மாற்றும்போது, அது பயணி விருப்பத்தால் நடந்த மாற்றம் அல்ல என்று அந்த டிக்கெட்டிலேயே குறித்து வைக்கிறீர்கள். கட்டண வித்தியாசம் வாங்காமல் மாற்றித் தர அந்தக் குறிப்புத்தானே வழி. பழைய வழித்தடமும் பழைய வகுப்பு எழுத்தும் உங்கள் பதிவில் இருக்கின்றன. பயணி மாற்று விமானத்தில் ஏறினாரா என்பதும் டிக்கெட் பயன்படுத்தப்பட்ட செய்தியாக உங்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, முதலில் எடுத்த டிக்கெட்டுக்கு என்ன மைலோ, என்ன படிநிலைப் புள்ளியோ, அதைக் கணக்கில் ஏற்றும்படி கணினிக்குச் சொல்லுங்கள். மாற்று விமானத்துக்கு அதிக மைல் வருமென்றால் அதைத் தாருங்கள். குறைவென்றால் முதல் டிக்கெட்டின் கணக்கைத் தாருங்கள். பயணக் கட்டணத்தை வைத்து மைல் தருகிற திட்டங்களுக்கு இது இன்னும் எளிது, நாங்கள் கொடுத்த கட்டணம் மாறவே இல்லையே.

அதைச் செய்து முடிக்கக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரைக்கும் மூன்று காரியங்களையாவது செய்யுங்கள். கோரிக்கைப் படிவத்தில், "என் விமானத்தை நீங்கள் மாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு தெரிவு வையுங்கள். அதைத் தொட்டால் டிக்கெட் எண் ஒன்று மட்டும் போதும், போர்டிங் பாஸ் வேண்டாம் என்று விதியை மாற்றுங்கள். இப்படி மாற்றப்பட்ட பயணங்களுக்குக் காலக்கெடுவை இரண்டு ஆண்டாக்குங்கள்.

புதிய விமானத்தின் எண்ணையும் நேரத்தையும் சொல்லி எங்கள் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள் அல்லவா? "முதல் பயணத்துக்கு உரிய மைல்கள் உங்கள் கணக்கில் முழுமையாக ஏறும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று அதில் ஒரு வரி சேர்த்து, சொன்னபடி ஏற்றுங்கள். அடுத்த ஆண்டுக்கான விதிமுறைத் திருத்தத்தை நீங்கள் எழுத உட்காரும்போது இதையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டையை வைத்திருக்கும் பயணி ஒருத்தி